கார்டிங்கில் 40, ரிங் பிரேமில் 95: தூசி மீட்டர் காட்டும் எந்த எண்ணை நம்புவது?

பொங்கலூர்_எலக்ட்ரிகல்
திங்கள், இரவு 9:40

வணக்கமுங்க. பல்லடத்துக்கும் பொங்கலூருக்கும் நடுவில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருக்கிறேன். மூன்று ஷிப்ட் ஓடுகிற மில். இரண்டு மாதம் முன்பு கார்டிங்கில் (பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் பிரிவு) வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு விடாத இருமல். ஒன்றரை வருடம்தான் வேலை பார்த்திருக்கிறாள், என் மகளைவிட இரண்டு வயது மூத்தவள். அவளைப் பார்த்த டாக்டர், "அங்கே காற்று எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி முதலாளி வரைக்கும் போய், அளந்து சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

ஆன்லைனில் ஆறு மீட்டர் வாங்கினோம். பி.எம் 2.5, பி.எம் 10 (2.5, 10 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூசி; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), கார்பன் டை ஆக்சைடு, ஈரப்பதம் எல்லாம் ஒரே திரையில் வரும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூம், கார்டிங், பஞ்சுப் பட்டையை மெல்லிய திரியாக்கும் சிம்ப்ளெக்ஸ், நூல் நூற்கும் ரிங் பிரேம், நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர், ஆபீஸ் என்று ஆறு இடத்தில் மாட்டி, ஒரு வாரம் மணிக்கு ஒருமுறை நோட்டில் எழுதினேன்.

பி.எம் 2.5 ப்ளோரூமிலும் கார்டிங்கிலும் 40 முதல் 50 வரை (கன மீட்டருக்கு மைக்ரோகிராம்). ரிங் பிரேமில் 95. ஈரக் காற்று வரும் ஹியுமிடிட்டி டக்ட் வாய்க்கு நேராகப் பிடித்தால் 160. ப்ளோரூமுக்குள் ஐந்து நிமிடம் நின்று வந்தால் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். ரிங் பிரேமில் அப்படி இல்லை. ஆனால் எண் தலைகீழாக இருக்கிறது. சந்தேகப்பட்டு இரண்டு மீட்டரை ஒரே ஸ்டூலில் வைத்துப் பார்த்தேன், ஒன்று 41, இன்னொன்று 58. மூன்றாவது வாரம் கார்டிங் மீட்டர் எப்போதும் 9 என்றே காட்ட ஆரம்பித்துவிட்டது.

முதலாளி நோட்டைப் பார்த்துவிட்டு, "கார்டிங் பரவாயில்லையே, ரிங் பிரேமில் ஏதாவது செய்யலாம்" என்கிறார். அவர் நல்ல மனுசர், செலவு செய்யவும் தயார். தப்பான இடத்தில் செலவு செய்ய நான் காரணமாகிவிடக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

------

காற்றாடி
திங்கள், இரவு 10:15

அண்ணா, மூன்று விஷயம் சொன்னால் சரியாகப் பதில் எழுதலாம். மீட்டருக்குள் இருக்கும் சென்சார் எது? ரிங் பிரேமில் ஈரப்பதம் எவ்வளவு? ஹியுமிடிஃபிகேஷன் பிளாண்டுக்கு என்ன தண்ணீர்?

------

பொங்கலூர்_எலக்ட்ரிகல்
திங்கள், இரவு 10:50

ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன் தம்பி. நீல நிற உலோகப் பெட்டி, குட்டி ஃபேன், பிளான்டவர் என்று எழுதியிருக்கிறது. ரிங் பிரேமில் ஈரப்பதம் 58 முதல் 62 வரை வைத்திருப்போம். தண்ணீர் போர் தண்ணீர்தான். நல்ல உப்பு. ஸ்ப்ரே நாசிலில் வெள்ளையாகப் படியும், மாதாமாதம் ஆசிட்டில் கழுவுகிறோம்.

------

காற்றாடி
செவ்வாய், காலை 6:30

அந்த உப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன் அண்ணா.

இந்தச் சென்சார் தூசியை எடை போடுவதில்லை. ஒரு லேசர் கதிருக்குக் குறுக்கே காற்றை இழுக்கிறது. துகள் போகும்போது ஒளி சிதறும். அந்தச் சிதறலைப் பார்த்து இத்தனை துகள், இந்த அளவு என்று எண்ணி, ஒரு துகளின் எடை இவ்வளவு இருக்கும் என்று ஊகித்து, கடைசியில் மைக்ரோகிராம் என்று திரையில் போடுகிறது. நீர்த்துளியும் ஒளியைச் சிதறடிக்கும், உப்புத் தூளும் சிதறடிக்கும், பஞ்சுத் தூசியும் சிதறடிக்கும். எது எது என்று பிரித்துப் பார்க்க அதனால் முடியாது.

உங்கள் பிளாண்டில் காற்றில் தண்ணீர் தெளிக்கும் ஏர் வாஷரைத் தாண்டி, துளிகளைத் தடுக்கும் எலிமினேட்டர் பிளேடுகள் இருக்கும். அவை வளைந்திருந்தாலோ, உப்புப் படிந்திருந்தாலோ சின்னத் துளிகள் டக்ட் வழியாக ஹாலுக்கு வந்துவிடும். வந்த துளி காற்றில் காயும். தண்ணீர் போய்விடும், அதில் கரைந்திருந்த உப்பு நுண்ணிய துகளாக மிதக்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் இது நிறையவே நடக்கும். உங்கள் 95-இல் பெரும்பங்கு இதுவாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். சோதித்துப் பார்ப்பது சுலபம். ஃபேன் ஓடட்டும், ஸ்ப்ரே பம்பை மட்டும் இருபது நிமிடம் நிறுத்துங்கள். அதற்குமேல் வேண்டாம், நூல் அறுந்து, அதை ஒட்டும் சைடர்கள் பாவம்.

இனி கார்டிங்கின் 40. இந்தச் சின்ன ஃபேன் மிக மெதுவாகத்தான் காற்றை இழுக்கும், பாதையும் வளைந்து வளைந்து போகும். 2, 3 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் லேசர் வரைக்கும் வந்து சேர்வதே குறைவு. பஞ்சுத் தூசியின் எடை பெரும்பாலும் அந்தப் பெரிய துகள்களில்தான் இருக்கிறது. திரையில் வரும் பி.எம் 10-ஐ அளந்த எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சின்னத் துகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டு நீட்டிய எண் அது. கண்ணுக்குத் தெரியும் தூசியை இந்த மீட்டர் ஏறக்குறைய பார்ப்பதே இல்லை. புருவத்தில் ஒட்டியதைப் பார்த்து நீங்கள் சந்தேகப்பட்டதுதான் சரி.

9 என்று நின்றுபோன மீட்டரின் காற்று வாயில் பஞ்சு அடைத்திருக்கும். ஊதிவிட்டுப் பாருங்கள்.

------

பொங்கலூர்_எலக்ட்ரிகல்
செவ்வாய், மாலை 7:05

செய்து பார்த்தாச்சு தம்பி. ஷிப்ட் மாறும் நேரத்தில் ஸ்ப்ரே பம்பை நிறுத்தினேன். பதினெட்டு நிமிடத்தில் 97-லிருந்து 33-க்கு இறங்கியது. மறுபடியும் போட்டதும் கால் மணி நேரத்தில் 90-ஐத் தாண்டிவிட்டது. எலிமினேட்டரில் ஏழு பிளேடு வளைந்து கிடக்கிறது. கார்டிங் மீட்டருக்குள் கட்டை விரல் அளவுக்குப் பஞ்சு உருண்டை இருந்தது.

அப்படியானால் கார்டிங்கில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி என்ன?

------

வடிகட்டித்_தாள்
செவ்வாய், இரவு 11:20

பதினாறு வருடமாகத் தொழிற்சாலைகளில் காற்று மாதிரி எடுக்கிற வேலைங்க. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று சுற்றாத மில்லும் சாயப்பட்டறையும் குறைவு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். இந்த விஷயத்தில் அரைகுறையாக நடப்பதைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை.

பஞ்சுத் தூசிக்கான வரம்பு தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் இரண்டாம் அட்டவணையில் இருந்தது. நீளிழை நீங்கிய பஞ்சுத் தூசி, கன மீட்டருக்கு 0.2 மில்லிகிராம். மைக்ரோகிராமில் சொன்னால் 200. அமெரிக்காவில் 1978-இல் வந்த பஞ்சுத் தூசி விதியிலும் நூற்புப் பிரிவுக்கு இதே 200-தான், நெசவுக்கு 750. இரண்டுமே எட்டு மணி நேரச் சராசரி. உங்கள் மீட்டர் எந்த நிமிடத்தில் என்ன காட்டியது என்பதை இந்த வரம்போடு ஒப்பிடவே முடியாது. தெருக்காற்றுக்கு நம் நாட்டில் பி.எம் 2.5-க்கு 24 மணி நேரத்துக்கு 60 என்று ஒரு அளவு உண்டு, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் 15 என்று சொன்னது. அவை குழந்தை, முதியவர் எல்லோரும் மூச்சு விடும் வெளிக்காற்றுக்கு. மில்லின் தூசி வேறு துகள், வேறு அளவு, வேறு கருவி. மூன்றையும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அந்த 200 எந்தக் கருவியால் அளந்த 200 என்பதுதான் முக்கியம். வெர்ட்டிகல் எலூட்ரியேட்டர் என்று ஒன்று. ஆள் மார்பு உயரத்துக்கு நிற்கும் கூம்பு வடிவக் குழாய். நிமிடத்துக்கு 7.4 லிட்டர் வேகத்தில் காற்று கீழிருந்து மேலே போகும். 15 மைக்ரானுக்கு மேற்பட்ட கனமான துகளும் நீள இழையும் மேலே ஏற முடியாமல் கீழேயே தங்கிவிடும். மிச்சம் மேலே இருக்கும் ஃபில்டரில் படியும். ஃபில்டரை முன்னும் பின்னும் எடை போட்டால் கிடைப்பதுதான் பஞ்சுத் தூசி அளவு.

கணக்கைப் பாருங்கள். எட்டு மணி நேரத்தில் 3,552 லிட்டர் காற்று, அதாவது மூன்றரை கன மீட்டர். காற்றில் தூசி சரியாக வரம்பில் இருந்தால் ஃபில்டரில் ஏறும் எடை 0.71 மில்லிகிராம். ஒரு மில்லிகிராம்கூட இல்லை. ஃபில்டர் ஈரம் இழுத்தாலே எடை மாறிவிடும். அதனால்தான் எடை போடுவதற்கு முன் அதை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் ஆறப்போட வேண்டும். காற்று இழுக்காத வெற்று ஃபில்டர் ஒன்றையும் மில்லுக்கு எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து அதன் எடை மாற்றத்தைக் கழிக்க வேண்டும். பம்பின் வேகத்தை ஆரம்பத்திலும் முடிவிலும் அளந்து, இரண்டுக்கும் 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த மாதிரியைத் தூக்கிப் போட வேண்டும். இதையெல்லாம் செய்தார்களா என்று ரிப்போர்ட்டில் தேடிப் பாருங்கள். பல ரிப்போர்ட்டில் பம்பின் வேகம்கூட இருக்காது.

இன்னொரு தப்பை நான் அடிக்கடி பார்க்கிறேன். எலூட்ரியேட்டர் கையில் இல்லாதவர்கள், காற்றைச் சுழற்றிப் பெரிய தூசியைப் பிரிக்கும் ஒரு சைக்ளோனை மாட்டி, நுரையீரலின் ஆழம் வரை போகும் தூசியை மட்டும் எடுக்கிறார்கள். சைக்ளோன் 4 மைக்ரான் பக்கத்திலேயே வெட்டிவிடும். அதில் 0.08 வந்தது என்று வைத்துக்கொள்வோம். உடனே "வரம்பு 0.2, வந்தது 0.08, திருப்தி" என்று முத்திரை குத்திக் கொடுத்துவிடுகிறார்கள். 15 மைக்ரான் வரைக்கும் எடுக்கும் கருவிக்கு வைத்த வரம்பை 4 மைக்ரானில் வெட்டும் கருவியின் எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை நம்பி அந்த மில்லில் அடுத்த ஒரு வருடம் யாரும் எதையும் மாற்றப் போவதில்லை. எனக்குத் தூக்கம் போகிற விஷயம் இது.

லேபைக் கூப்பிடுமுன் இரண்டே கேள்வி கேளுங்கள். பஞ்சுத் தூசிக்கு எந்தக் கருவி கொண்டு வருவீர்கள்? அந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு உங்களுக்கு என்.ஏ.பி.எல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா? லேபுக்குப் பொதுவாக அங்கீகாரம் இருப்பது போதாது, அங்கீகாரப் பட்டியலில் இந்தச் சோதனை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோவையில் 1956 முதல் சிட்ரா இருக்கிறது, ஜவுளி ஆலைகளுக்காக ஆரம்பித்த ஆராய்ச்சி நிறுவனம். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் அங்கே விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

------

சிங்காநல்லூர்_பழைய_கார்டர்
புதன், காலை 5:50

தம்பிகள் எழுதியதையெல்லாம் பேரன் படித்துக் காட்டினான். முப்பத்தொரு வருடம் கார்டிங்கில் இருந்தவன் நான். இப்போது மாடி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கித்தான் மேலே போகிறேன்.

எங்களுக்கு மீட்டர் கிடையாது. வார லீவு முடிந்து வேலைக்கு வந்த அன்று சாயங்காலம் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும். மறுநாள் கொஞ்சம் குறையும், வாரக் கடைசியில் சரியாகிவிடும். லீவில் நல்லா இருந்துவிட்டு வந்ததும் மறுபடி பிடிக்கும். சளி, பனி, வயசு என்று ஆளுக்கொன்று சொன்னோம். அதற்குப் பிஸினோசிஸ் என்று பேர் இருப்பதும், அது சட்டத்தில் எழுதிய தொழில் நோய் என்பதும் ரிட்டயர் ஆன பிறகுதான் தெரிந்தது.

பொங்கலூர் தம்பி, அந்தப் பெண்ணிடம் ஒன்று கேளுங்கள். எந்த நாளில் அதிகமாக இருமுகிறாள் என்று. லீவு முடிந்து வந்த நாள் என்று சொன்னால், மீட்டர் என்ன சொன்னாலும் சரி, அவளைக் கார்டிங்கிலிருந்து மாற்றிவிடுங்கள். சம்பளம் குறையாமல் மாற்றுங்கள். சம்பளம் குறையும் என்று பயந்துதான் நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்று. அளக்க ஆள் வருகிறார்கள் என்றால் முதல் நாள் ராத்திரியே ஹாலைக் கூட்டி, மேலே படிந்த பஞ்சையெல்லாம் எடுத்து, மறுநாள் கார்டு வேகத்தைக் குறைத்து ஓட்டுவார்கள். படிந்த பஞ்சை ஊதித் தள்ளும் ஏர் கன்னை அன்று பிடிக்கவே விடமாட்டார்கள். அவர்கள் அளந்துகொண்டு போனது எங்கள் காற்றை இல்லை.

------

வடிகட்டித்_தாள்
புதன், காலை 8:10

அய்யா சொன்ன கடைசி விஷயத்தை நான் எழுதாமல் விட்டது என் தப்பு. மாதிரி எடுக்கும் தாளில் அன்று கார்டு மணிக்கு எத்தனை கிலோ ஓடியது, எந்த லாட் பஞ்சு, கழிவுப் பஞ்சு எவ்வளவு கலந்தது, ஏர் கன் எத்தனை முறை பிடித்தார்கள், எந்த ஜன்னல் திறந்திருந்தது என்று எழுதி சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாத எண்ணை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. கழிவுப் பஞ்சு ஓட்டும் ஓ.ஈ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்களில் லாட் மாறினால் தூசியும் தலைகீழாக மாறும்.

பருவமும் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனி, ஆடியில் ஹாலுக்குள் புகுந்து அடிக்கும்போது எடுத்த அளவு, மார்கழியில் ஜன்னலை அடைத்துவிட்டு ஓட்டும் நாளுக்குப் பொருந்தாது. வருடத்துக்கு இரண்டு முறையாவது எடுக்க வேண்டும்.

மூச்சுப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யுங்கள். லீவு முடிந்த முதல் நாள், ஷிப்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்ல வேண்டும். முதல் ஒரு நொடியில் வெளிவிடும் காற்று 5 சதவீதமோ 200 மில்லியோ குறைந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும் என்று அந்த அமெரிக்க விதியிலேயே இருக்கிறது.

------

திருப்பூர்_செக்கிங்_டேபிள்
புதன், மதியம் 1:30

நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். நான் ஒரு பனியன் கம்பெனியில் எச்.ஆர். எங்கள் தையல் ஹாலில் 140 பேர். மத்தியானத்துக்கு மேல் எல்லோருக்கும் தலைவலி, கொட்டாவி. கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வைத்தோம். முதல் வாரம் 1,100 காட்டியது, இப்போது 750-க்கு மேல் போவதே இல்லை. நாங்கள் எதையும் மாற்றவில்லை. காற்று தானாகச் சரியாகுமா? அப்புறம் செக்கிங் பக்கம் வைத்த இன்னொரு சின்ன மீட்டர் திடீர் திடீரென்று 4,000 என்று குதிக்கிறது.

------

காற்றாடி
புதன், மாலை 6:20

அக்கா, காற்று அப்படியேதான் இருக்கும், மீட்டர்தான் நழுவியிருக்கிறது.

நல்ல மீட்டர்கள் அகச்சிவப்பு ஒளியால் அளக்கும். காலப்போக்கில் அடிப்படை அளவு விலகும் என்பதால் அதற்குள் ஒரு தானியங்கித் திருத்தம் வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட காலத்தில் தான் பார்த்த மிகக் குறைந்த அளவு வெளிக்காற்றின் 400 பி.பி.எம் (பத்து லட்சத்தில் 400 பங்கு) தான் என்று அது எடுத்துக்கொள்ளும். சில சென்சாரில் அந்தக் காலம் ஒரு நாள், சிலவற்றில் ஒரு வாரம். வீட்டுக்கும் ராத்திரி பூட்டிவிடும் ஆபீசுக்கும் அது சரி. இரண்டு ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று ஆளில்லாத நேரமே இல்லாத ஹாலில் குறைந்த அளவே 700-ஆக இருக்கும். மீட்டர் அந்த 700-ஐ 400 என்று நினைத்து 300-ஐ கழித்துவிடும். நீங்கள் பார்த்தது அதுதான் என்று நினைக்கிறேன். மூன்று ஷிப்ட் இடங்களுக்கு அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தும் வசதி உள்ள மீட்டர்தான் வேண்டும். மாதம் ஒருமுறை மத்தியானம் மொட்டை மாடியில், ஜெனரேட்டர் புகை வராத பக்கம், காற்றோட்டத்தில் இருபது நிமிடம் வைத்து, 420 பக்கம் வருகிறதா என்று பாருங்கள்.

4,000 குதிப்பது செக்கிங் டேபிளில் கறை எடுக்கிற ஸ்ப்ரே கன் என்று நினைக்கிறேன். மலிவான மீட்டர்களில் கார்பன் டை ஆக்சைடு சென்சாரே இருக்காது. கரைப்பான் ஆவியைப் பார்க்கும் ஒரு உலோக ஆக்சைடு சென்சாரை வைத்து ஊகித்த எண்ணைப் போடுவார்கள். ஹேண்ட் சானிடைசர் தடவினாலும் குதிக்கும். எண் பொய்தான், ஆனாலும் அதை ஒதுக்கிவிடாதீர்கள். அந்த டேபிளில் நிற்பவர்கள் கரைப்பானை மூச்சில் இழுக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது. அங்கே ஒரு உறிஞ்சு ஃபேன் வையுங்கள். எந்தக் கரைப்பான் என்று டப்பாவில் பார்த்து, அதற்கென்று தனியாக மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் 1,100-ஐ நம்பிக் கணக்குப் போட்டால், வெளிக்காற்றைவிட 680 அதிகம். உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவர் நொடிக்கு சுமார் 0.005 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார். 0.005-ஐ 0.00068-ஆல் வகுத்தால், ஒருவருக்கு நொடிக்கு ஏழு லிட்டர் சொச்சம் புதுக்காற்று கிடைக்கிறது என்று வரும். தையல் வேலையில் உடம்பு கொஞ்சம் கூடுதலாக உழைப்பதால் உண்மை சற்றுக் கூடலாம். 5,000 என்ற சட்ட வரம்புக்குக் கீழே இருக்கிறோம் என்று யாராவது சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். 5,000 அந்த வாயுவால் உடம்புக்கு வரும் கெடுதலுக்கு வைத்த வரம்பு. நீங்கள் பார்க்க வேண்டியது ஆளுக்கு எவ்வளவு புதுக்காற்று என்பதை. மீட்டரை யார் முகத்துக்கும் ஒரு மீட்டருக்குள் வைக்காதீர்கள், நாம் விடும் மூச்சில் 40,000 பி.பி.எம் இருக்கும்.

------

கணபதி_மோல்டிங்
புதன், இரவு 9:00

எனக்குச் சொந்தமாகச் சின்ன பவுண்டரி, பன்னிரண்டு பேர். இவ்வளவு படித்தபின் ஒன்று தோன்றுகிறது. இந்த மீட்டர் எதுவும் உதவாது என்றால் எங்களைப் போல் ஆட்கள் என்ன செய்வது? லேபைக் கூப்பிட்டால் ஒரு மாதிரிக்கே ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங் பக்கத்துச் சுவரில் மீட்டர் மாட்டியிருக்கிறேன், 70, 80 காட்டும். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாதா?

------

வடிகட்டித்_தாள்
புதன், இரவு 10:40

சுவரில் மாட்டியதை வைத்துச் சொல்ல முடியாதுங்க. கிரைண்டர் பிடிக்கிறவர் மூக்குக்கும் அந்தச் சுவருக்கும் பத்தடி இருக்கும். தூசி அவர் முகத்துக்கு நேராகத்தான் கிளம்புகிறது. பவுண்டரியில் ஆள் மேலேயே பம்பைக் கட்டி, சைக்ளோனைச் சட்டைக் காலரில், மூக்கிலிருந்து ஒரு அடிக்குள் மாட்டித்தான் எடுக்க வேண்டும். மில்லில் எலூட்ரியேட்டர் சரி, உங்களுக்கு சைக்ளோன் சரி. ஏனென்றால் நீங்கள் பயப்பட வேண்டியது மணலில் இருக்கும் குவார்ட்ஸ். நுரையீரலின் அடிவரை போவதுதான் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் கொண்டுவரும்.

எந்த மீட்டருக்கும் குவார்ட்ஸ் எது, இரும்புத் தூள் எது என்று தெரியாது. ஃபில்டரை லேபில் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனில் பார்க்க வேண்டும். இரண்டாம் அட்டவணையில் இருந்த கணக்கு: 10-ஐ, குவார்ட்ஸ் சதவீதத்தோடு 2 கூட்டி வருவதால் வகுக்கணும். தூசியில் குவார்ட்ஸ் 10 சதவீதம் என்றால் வரம்பு 0.83 மில்லிகிராம். 20 சதவீதம் என்றால் 0.45. அமெரிக்காவில் 2016 விதிப்படி குவார்ட்ஸ் மட்டும் 0.05. நம் கணக்கில் முதல் உதாரணத்தில் 0.083 வரை விட்டிருந்தார்கள். நான் உங்களிடம் சொல்வது, அந்த 0.05-ஐ மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

------

காற்றாடி
புதன், இரவு 11:15

வடிகட்டித்தாள் அண்ணாவோடு ஒரு இடத்தில் வேறுபடுகிறேன். மலிவு மீட்டர் எவ்வளவு என்று சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். எப்போது, எங்கே என்று சொல்லும். ஃபில்டர் எட்டு மணி நேரத்துக்கு ஒரே ஒரு எண்தான் தரும். அந்த எட்டு மணி நேரத்தில் ஏர் கன் பிடித்த பத்து நிமிடம்தான் பாதித் தூசிக்குக் காரணமா என்று ஃபில்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்யும் மீட்டரில் அந்தப் பத்து நிமிடம் கோபுரம் மாதிரி எழும்பி நிற்கும்.

அதனால் கணபதி அண்ணா, ஒரே ஒரு நாள் செலவு செய்து ஆள் மேல் பம்ப் கட்டுங்கள். அன்று உங்கள் மீட்டரையும் அவர் தோள் உயரத்தில், பக்கத்திலேயே வையுங்கள். ஃபில்டர் எண்ணை மீட்டரின் எட்டு மணி நேரச் சராசரியால் வகுத்தால் உங்கள் பவுண்டரிக்கு, அந்த வேலைக்கு, ஒரு பெருக்கெண் கிடைக்கும். பக்கத்துப் பவுண்டரிக்கு அது பொருந்தாது, உங்கள் மோல்டிங் பக்கத்துக்குக்கூடப் பொருந்தாது. விலை உயர்ந்த மீட்டர்களுக்கும் இதே கதைதான். டஸ்ட்டிராக் போன்ற கருவியே அரிசோனாச் சோதனைத் தூசியை வைத்து அளவு திருத்தியதுதான், நம் பஞ்சுக்கும் மணலுக்கும் தனியாகப் பெருக்கெண் போட வேண்டும்.

------

வடிகட்டித்_தாள்
வியாழன், காலை 7:00

இதில் சண்டை இல்லை தம்பி, சரியாகவே சொன்னீர்கள். ஒன்று சேர்க்கிறேன். பெருக்கெண் ஒருநாள் எடுத்ததோடு விடாதீர்கள், குறைந்தது மூன்று நாள். மூன்றும் ஒன்றோடொன்று இரண்டு மடங்கு வித்தியாசப்பட்டால் அந்த இடத்தில் மீட்டரை அளவுக்குப் பயன்படுத்தாமல் விட்டுவிடுவது நல்லது.

------

பொங்கலூர்_எலக்ட்ரிகல்
ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:30

எல்லோருக்கும் வணக்கமுங்க. தாமதத்துக்கு மன்னிக்கணும், முடிவு கைக்கு வந்தபின் எழுதலாம் என்றிருந்தேன்.

இரண்டு கேள்வியையும் கேட்டு, எலூட்ரியேட்டர் வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடித்தோம். முதல் லேபிடம் கேட்டபோது ஃபோனையே வைத்துவிட்டார்கள். இரண்டாவது ஆட்கள் மூன்று நாள் வந்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் என் மீட்டரையும் வைத்தேன், பஞ்சு அடைக்காமல் ஷிப்டுக்கு ஒருமுறை ஊதிவிட்டேன். யாரையும் முன்கூட்டியே கூட்டவிடவில்லை. அய்யா சொன்னதை முதலாளியிடம் அப்படியே படித்துக் காட்டினேன், "நம்மளை நாமே ஏமாத்தி என்ன பண்ண" என்று அவரே சொல்லிவிட்டார்.

மூன்று நாள் சராசரி. ப்ளோரூமில் ஃபில்டர் 0.44 மில்லிகிராம், மீட்டர் 50 மைக்ரோகிராம். கார்டிங்கில் ஃபில்டர் 0.31, மீட்டர் 42. ரிங் பிரேமில் ஃபில்டர் 0.11, மீட்டர் 91. ப்ளோரூமும் கார்டிங்கும் வரம்பைத் தாண்டி இருக்கிறது. "ஏதாவது செய்யலாம்" என்று முதலில் நினைத்த ரிங் பிரேம் ஒன்றுதான் வரம்புக்குள் இருக்கிறது. கார்டிங்கில் பெருக்கெண் மூன்று நாளும் 6.8, 7.3, 8.0 என்று வந்தது, அதனால் அங்கே மீட்டரை வைத்துக்கொள்கிறேன். ரிங் பிரேமில் எண்கள் ஒட்டவே இல்லை, அங்கிருந்து மீட்டரைக் கழற்றிவிட்டேன்.

நிமிடப் பதிவில் பார்த்தால் ஷிப்டுக்கு இரண்டு முறை, ஏர் கன் பிடிக்கும்போது கார்டிங் மீட்டர் ஐந்து, ஆறு மடங்கு எகிறி, இறங்க அரை மணி நேரம் ஆகிறது. கார்டுகளின் உறிஞ்சு குழாயில் அழுத்தம் பார்த்தேன், கடைசி நான்கு கார்டில் பாதிதான் இருக்கிறது. கழிவு சேரும் டிரம் ஃபில்டரின் துணி அடைத்துப் போயிருந்தது. துணி மாற்றியாச்சு. ஏர் கன்னுக்குப் பதிலாக இரண்டு வாக்குவம் வாங்கியிருக்கிறோம். எலிமினேட்டர் பிளேடும் மாற்றினோம்.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன் அய்யா. வார லீவு முடிந்து வந்த நாள் சாயங்காலம்தான் என்றாள், கேட்காமலிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாள். மறுநாளே பேக்கிங் பக்கம் மாற்றினோம், சம்பளம் அதேதான். கார்டிங், ப்ளோரூமில் இருக்கும் இருபத்துமூன்று பேருக்கும் வருகிற லீவு முடிந்த நாளில் ஸ்பைரோமீட்டர் வைக்கிறார்கள், காலையிலும் ஷிப்ட் முடிந்தும்.

புதன்கிழமை எலூட்ரியேட்டர் மறுபடியும் வருகிறது. அன்று கழிவுப் பஞ்சு கலந்த லாட் ஓடும். அதை மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

------

சிங்காநல்லூர்_பழைய_கார்டர்
ஞாயிறு, இரவு 8:15

நைட் ஷிப்டிலும் ஒருமுறை வையுங்க தம்பி. குளிருக்கு ஜன்னலை அடைத்துவிடுவார்கள்.

------

பொங்கலூர்_எலக்ட்ரிகல்
ஞாயிறு, இரவு 8:40

சரிங்க அய்யா. வியாழன் ராத்திரி வைக்கச் சொல்லிவிட்டேன். நானும் கூடவே இருக்கிறேன்.